ரைட் சொன்ன கமருதீன்

கமருதீனுக்குக் கால் தரையில் பாவாது. கோட்டாற்றில் அவனைத் தெரிந்தவர்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நல்ல பையன் என்பதையெல்லாம் அப்புறம்தான் சொல்வார்கள். ஜவுளிக்கடையில் விட்டார்கள். துணியை முழம் போட்டுக்கொண்டிருக்கும்போதே தெருவில் என்ன சத்தம் என்று பார்க்க ஓடிவிடுவான். வாங்க வந்தவர் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குளச்சலில் கருவாட்டு மண்டியில் கணக்குப் பார்க்க உட்கார வைத்தார்கள். கணக்கு வந்தது, உட்காருவதுதான் வரவில்லை. கல்யாணம் பண்ணி வைத்தால் அடங்கிவிடுவான் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்ல, தாய்மாமன் ஜலாலுதீன் தன் மகள் மெஹ்ருன்னிசாவையே கொடுத்தார். நிக்காஹ் பந்தலில் மாப்பிள்ளை அடிக்கொரு தரம் எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்ததை அந்தத் தெரு ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது.

பிறகு ஜலாலுதீன் ஒரு பஸ் வாங்கினார். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, கருங்கல், புதுக்கடை வழியாகத் தேங்காய்ப்பட்டணம் வரை ஓடுகிற பஸ். அதில் மருமகனைக் கண்டக்டராக ஏற்றிவிட்டார். உட்காராமல் செய்கிற உத்தியோகம் ஒன்று உலகத்தில் உண்டாகி, அது தன் வீட்டுக்கே வந்து சேர்ந்ததில் கமருதீனுக்குப் பரம சந்தோஷம். படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால். ஆளை ஏற்றுவான், கூரையில் மூட்டையை அடுக்குவான், பாட்டிகளிடம் வாய் கொடுப்பான், நாலு ஊர்ச் சேதியை நாலு ஊருக்கும் கொண்டுபோவான். இப்படி ஒரு நாள் முழுக்க ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் சோறு தின்கிற நேரமாவது ஓரிடத்தில் இருந்தான். மெஹ்ருன்னிசா அந்த பஸ்ஸை மனதுக்குள் வாழ்த்தினாள்.

டிரைவர் மரியஜான் முட்டத்துக்காரன். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, கடலில் இறங்கினால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கிற ஒரே ஆள் அவன்தான். அப்பன் வெறுத்துப்போய் மலைக்கு அனுப்பிவிட்டார். மலையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளைக்கார துரையின் லாரியில் கிளீனராக ஒட்டிக்கொண்டு வண்டி படித்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அந்தப் பாதையில் லாரி திரும்ப வேண்டுமென்றால் துரையே இறங்கிப் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, “ரைட்” என்று சத்தம் கொடுப்பாராம். அந்த ஒரு வார்த்தையோடுதான் மரியஜான் மலையிலிருந்து இறங்கி வந்தான்.

முதல் நாளே கமருதீனிடம் சொல்லிவிட்டான். “மக்கா, நல்லா கேட்டுக்க. எனக்கு முன்னாலதான் கண்ணு. பின்னால உள்ள கண்ணு நீயாக்கும். நீ ரைட்டுன்னு சொன்னாத்தான் வண்டி எடுப்பேன். மகாராசாவே ஏறி இருந்துட்டு போலாம்னு சொன்னாலும் வண்டி அனங்காது.”

“அதுக்கு அர்த்தம் என்னண்ணே?”

“அர்த்தமா? நீ பாத்தாச்சு, போலாம்னு அர்த்தம். வேற என்ன மயிரு?”

இங்கிலீஷ் அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. கமருதீனுக்கு அந்த வார்த்தை வாயில் வெல்லக்கட்டி மாதிரி ஆயிற்று. நீட்டிச் சொல்வான், வெட்டிச் சொல்வான், பாட்டாகச் சொல்வான். ஒரு சொல்லுக்கு அத்தனை பெரிய வண்டி அசைகிறதே என்று ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் கிளுகிளுக்கும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் பேசியும் ஒரு கெஜம் துணி நகர்ந்ததில்லை.

கொஞ்ச நாளில் வழி நெடுக அது பரவிவிட்டது. கருங்கல்லில் மாட்டுவண்டிக்காரன் காளைகளிடம் ரைட் சொன்னான். காளைகளும் போயின. பஸ் போகாத முட்டத்தில்கூட, கட்டுமரத்தைக் கடலில் தள்ளுகிறவர்கள் ஏலேலோ போட்டு முடித்து ரைட் என்று தள்ளினார்கள். தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்ப மனசில்லாமல் தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, எவனோ பின்னாலிருந்து “ரைட்” என்று கத்திவிட்டான். அழுத பெண்ணே சிரித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இந்த வார்த்தையை வேறு எதற்கோ சொல்லிக்கொடுத்தாராம். பிள்ளைகள் கேட்கவில்லை. கமருதீன் சொன்னதுதான் சரி, வாத்தியார் பஸ்ஸில் ஏறாதவர் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் நன்றாகத்தான் போயிற்று, எதிர் பஸ் வரும் வரைக்கும்.

அது சிவப்பு பஸ். அதே தடத்தில், அதே நேரத்தில் விட்டார்கள். எவன் முன்னால் போகிறானோ அவனுக்குச் சந்தைக் கூட்டம். பின்னால் போகிறவனுக்குப் புழுதி. ஜலாலுதீன் காலையும் மாலையும் ஒரே பல்லவி: “கமரு, நீ நிக்கிற நேரத்துல அவன் தூக்கிட்டுப் போறான்லே.” கமருதீனைப் பார்த்து நிற்கிறவன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

எங்கே நேரம் போகிறது என்று பார்த்தான். அந்தத் தடத்தில் ஏற்றம் இறக்கம் அதிகம். ஏற்றத்தில் பஸ்ஸை நிறுத்தினால் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது; பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து ஒரு மரக்கட்டையைச் செருக வேண்டும். கிளம்பும்போது கண்டக்டர் பின்னால் போய், குனிந்து, கட்டையை உருவி, ரைட் சொல்லிவிட்டு ஓடிவந்து தொற்ற வேண்டும். அதற்குள் பஸ் ஒரு சாண், ஒன்றரைச் சாண் பின்னால் உருண்டு, அப்புறம்தான் முக்கி முன்னால் ஏறும். இந்தப் போய் வருகிற நேரம்தான் சிவப்பு பஸ்ஸுக்கு லாபம் என்று கமருதீன் கண்டுபிடித்தான். கட்டையில் ஒரு துளை போட்டுக் கயிற்றுக்கடையில் வாங்கிய நல்ல தேங்காய்ச் சகிரிக் கயிற்றைக் கட்டினான். இப்போது படியில் நின்றபடியே கட்டையை உதைத்துத் தள்ளலாம், படியில் நின்றபடியே கயிற்றைச் சுண்டி இழுக்கலாம், படியில் நின்றபடியே ரைட் சொல்லலாம்.

பார்த்தவர்கள் எல்லாம் மூளை என்றால் இதுவல்லவா மூளை என்றார்கள். ஜலாலுதீன் முதுகில் தட்டிக்கொடுத்தார். மரியஜான் மட்டும் கயிற்றைப் பார்த்துவிட்டு, “கட்டைய எடுக்கதுக்கு மட்டுமா மக்கா உன்னப் பின்னால விட்டேன்?” என்று கேட்டான். கமருதீன் சிரித்து மழுப்பினான். சிவப்பு பஸ்ஸைக் கருங்கல்லிலேயே முந்திய நாட்கள் அவை. அந்தச் சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு தை மாதம் ஒரு சந்தை நாள். புதுக்கடைக்குத் தேங்காய்ப்பட்டணம் பக்கம் உள்ள ஏற்றத்தில் பஸ் நின்றது. கருப்பட்டி விற்கிற செல்லக்கனி இறங்கினாள். கூரையிலிருந்து அவள் ஓலைக்கூடையை, கருப்பட்டிக் கடவத்தை, இறக்கிப் பின்னால் வைத்தார்கள். சந்தைக்குப் போக இன்னும் பத்துப் பேர் ஏறி நெருக்கினார்கள். கீழே வளைவில் சிவப்பு பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. கமருதீனுக்கு உச்சந்தலையில் தீப்பிடித்த மாதிரி இருந்தது. கயிற்றைச் சுண்டினான். ரைட் என்றான். பஸ் வழக்கம்போல ஒன்றரைச் சாண் பின்னால் உருண்டது.

செல்லக்கனியின் கடவத்தில் அடி விட்டுப்போயிருந்தது. கருப்பட்டி எல்லாம் உருண்டு சக்கரத்தடிக்குப் போக, அவள் குந்தியிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றரைச் சாண் போதுமானதாக இருந்தது. வலது பாதம்.

அந்த அலறலைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. மரியஜான் குதித்து ஓடிவந்து அவளைத் தூக்கினான். சிவப்பு பஸ்ஸின் டிரைவர் தன் ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். கமருதீன் கையில் கயிற்றைப் பிடித்தபடி படியிலேயே நின்றான். பிறந்ததிலிருந்து அவன் ஆடாமல் அசையாமல் நின்றது அன்றைக்குத்தான்.

ஜலாலுதீன் வந்து செய்த முதல் காரியம், கட்டையிலிருந்து கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டதுதான். இரண்டாவது, போலீஸ் ஸ்டேஷனில் மருமகனுக்குப் பக்கத்தில் நின்று, “பையன் ரைட் சொல்லல்ல. டிரைவர் தானா எடுத்துட்டான்” என்றார். எழுதுகிறவர் நிமிர்ந்து கமருதீனைப் பார்த்தார். கமருதீன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று தனக்குத்தானே பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டான். பொய்யைத்தான் தலை சொல்லிவிட்டதே.

வெளியே வந்ததும் மாமா விவரமாகச் சொன்னார். “கண்டக்டர் மேல தப்புன்னு வந்தா பெர்மிட்டே போயிரும். குடும்பம் தெருவுல நிக்கும். டிரைவர் மேலன்னா டிரைவரோட போச்சு. அவனுக்கு நான் பாத்து வேண்டியத செய்வேன். கோர்ட்டுல கேக்கும்போ இதையே சொல்லு. அவ்வளவுதான் காரியம்.”

காரியம் அவ்வளவுதான். ஆனால் வழக்கு விசாரணைக்கு வர மாதக்கணக்காயிற்று. மரியஜானின் லைசென்ஸைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். தண்டனை ஆனால் உள்ளே போக வேண்டும், பிறகு ஆயுசுக்கும் ஸ்டியரிங் வளையம் பிடிக்க முடியாது என்று பேசிக்கொண்டார்கள். கடலும் ஒத்துக்கொள்ளாது, வண்டியும் கிடையாது என்றால் அவன் என்ன செய்வான்? முட்டத்தில் கரையில் உட்கார்ந்து அடுத்தவர்கள் வலையின் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறான் என்று சேதி வந்தது. அவன் இது வரை கமருதீனைத் தேடி வரவில்லை. ஆள் அனுப்பவில்லை. போலீஸில், “ரைட் கேட்டுது, எடுத்தேன்” என்று சொன்னதோடு சரி. வந்து சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் கமருதீன் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பான். கேட்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

பழைய ஓட்டம் வேறு, இந்த ஓட்டம் வேறு. முன்பு எதையோ பார்க்கப் போவான். இப்போது எதையும் பார்க்காமலிருக்கப் போனான். கோட்டாற்றிலிருந்து இடலாக்குடி வரை நடப்பான், திரும்புவான், மறுபடி நடப்பான். தொழுகையில் நின்றால் இடையில் எந்த இடம் என்று மறந்துபோகும். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவான், முற்றத்திலிருந்து அடுக்களைக்கு வருவான். தெருவில் பிள்ளைகள் பஸ் விளையாடி ரைட் என்று கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு, “ஏலே, வேற வெளயாட்டு இல்லியாலே ஒங்களுக்கு?” என்று பாய்வான். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனிடமிருந்து படித்த விளையாட்டுத்தானே அது.

ஒரு நாள் தக்கலை ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசல் வரை போய்த் திரும்பியது பல நாள். அன்றைக்கு எப்படியோ உள்ளே போய்விட்டான். செல்லக்கனி கட்டிலில் கால்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். விரல்களை எடுத்துவிட்டார்கள், இனிமேல் கம்பு ஊன்றித்தான் நடை.

“வாலே கமரு,” என்றாள். “அந்த டிரைவர் பாவி இங்க வந்து, கால்மாட்டுல இருந்து கண்ணீரு விட்டுக் கரையுதான். நல்லா ஏசி விட்டேன். கண்ணு பொட்டையாலே, ஆளு கெடக்கது தெரியாண்டாமான்னு கேட்டேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் பறையல்ல. கேட்டுக்கிட்டே இருந்தான்.”

கமருதீன் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்தான். நாகர்கோவிலுக்கு நடந்தே வந்தான். வழியில் சிவப்பு பஸ் நின்று கூப்பிட்டது; ஏறவில்லை.

வீட்டில் மெஹ்ருன்னிசா அவன் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கோர்ட்டு. வாப்பா காலையில் வந்து மருமகனுக்குப் புதுச்சட்டை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“வாப்பா சொல்லுகதச் சொல்லுங்க, இல்லேன்னா உள்ளதச் சொல்லுங்க. எதையாவது ஒண்ணச் சொல்லுங்க. எனக்கு இந்த நடை நின்னாப் போதும்.”

“உள்ளதச் சொன்னா மாமா தந்த இந்த வீட்டுல இருக்க முடியாது, தெரியும்லா?”

“நீங்க எப்ப இருந்தீங்க, இப்ப இல்லாமப் போவதுக்கு?” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வாப்பாவை நினைத்து அழுதாளா, இவனை நினைத்தா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டுக்குமாகத்தான் இருக்கும்.

தக்கலையில் கோர்ட்டு. ஜலாலுதீன் முன்வரிசையில் சால்வையோடு. மரியஜான் கூண்டில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கு வந்தவன்போல. செல்லக்கனியைப் பெஞ்சில் உட்கார்த்தியிருந்தார்கள். கமருதீனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஏறியதும் கால் தானாக ஆடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

வக்கீல் முன்பே சொல்லிவைத்திருந்த கேள்வி முதலில் வந்தது. “பஸ் கிளம்பும்போது நீ ரைட் சொன்னாயா?”

மாமா தொண்டையைக் கனைத்தார். மரியஜான் அவனைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டும்போதும் அப்படித்தான். பின்னால் திரும்பவே மாட்டான். பின்னால் கமருதீன் இருக்கிறான் என்று இருப்பான்.

“சொன்னேன்,” என்றான் கமருதீன்.

வக்கீல் கேள்வியை மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன் என்றான். முன்வரிசையில் சால்வை கீழே விழுந்தது. மஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு, தானே கேட்டார்: “நீங்கள் இரண்டு பேரும் அந்த வார்த்தையை எந்த அர்த்தத்தில் வைத்திருந்தீர்கள்? அதைச் சொல்லு.”

“பின்னால பாத்தாச்சு, யாரும் இல்ல, போலாம்னு அர்த்தம் எஜமானே.”

“நீ பார்த்தாயா?”

“பாக்கல்ல.”

அதற்கு மேல் அவனே பேசினான். கட்டை, கயிறு, சிவப்பு பஸ்ஸின் ஹார்ன், ஸ்டேஷனில் ஆட்டிய தலை. நிறுத்து என்று சொல்லும் வரைக்கும் பேசினான். பேசி முடித்துக் குனிந்து பார்த்தான்; கால் ஆடவில்லை.

மரியஜானை விட்டுவிட்டார்கள். வழக்கு கமருதீன்மேல் திரும்பி, அவன் மூன்று மாதம் உள்ளே இருந்தான். பஸ்ஸின் பெர்மிட் போயிற்று. ஜலாலுதீன் வண்டியை வந்த விலைக்குத் தள்ளினார். மருமகன் முகத்தில் விழிப்பதில்லை என்று பள்ளிவாசலில் வைத்தே சொன்னார். சொன்னபடியே கடைசி வரை விழிக்கவும் இல்லை. மெஹ்ருன்னிசா தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்தில் ஓர் ஒற்றை அறைக்குக் குடி போனாள். ஜெயிலிலிருந்து வந்தவன் கருவாட்டைத் தலையில் சுமந்து சந்தை சந்தையாக நடந்து விற்றான். நடக்கிற தொழில்தான், ஆனால் பஸ் ஏறுவதில்லை. யாராவது கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்பான். அந்த வார்த்தை அவன் வாயில் அப்புறம் வரவே இல்லை. வழக்கத்தில் எட்டிப் பார்த்தாலும் சரி, ஆகட்டும், போலாம் என்று எதையாவது போட்டு அடைத்துவிடுவான்.

இரண்டு வருஷம் போயிருக்கும். புதுக்கடைச் சந்தை முடிந்து அதே ஏற்றத்தில் வெறுங்கூடையோடு இறங்கி வந்துகொண்டிருந்தான். சிவப்பு பஸ் நின்றிருந்தது. மரியஜான் இப்போது அதில்தான் டிரைவர் என்று அவனுக்குத் தெரியும். அதனாலேயே அந்தப் பஸ்ஸைக் கண்டால் சாலையை விட்டு இறங்கி நடப்பான். அன்றைக்கும் இறங்கினான். புதுக் கண்டக்டர் கட்டையில் கை வைத்துக்கொண்டு, ரைட் என்று கத்தினான். என்ஜின் உறுமியது. பஸ் அசையவில்லை. இன்னொரு தடவை கத்தினான். அசையவில்லை. உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

டிரைவர் பக்கத்திலிருந்து தலை வெளியே வந்தது. “ஏலே கமரு!” என்றான் மரியஜான். “ஒளிஞ்சா போற? பின்னால பாத்துச் சொல்லு, வண்டி எடுக்கணும்.”

“அங்க ஆளு இருக்குல்லா அண்ணே?”

“இருக்கான். நீ சொல்லு.”

கமருதீன் கூடையைக் கீழே வைத்தான். பஸ்ஸுக்குப் பின்னால் போனான். கடைசி ஜன்னலில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே அவன் எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தான்.

“என்னத்தப் பாக்க?” என்றாள் அவள். “இந்த வாட்டியாவது குனிஞ்சு பாத்துச் சொல்லுலே.”

அவன் குனிந்தான். சக்கரத்தடியில் பார்த்தான், கூரை ஏணிக்குப் பின்னால் பார்த்தான், அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தான். பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில்கூட மறுபடி வந்து பார்த்தான். பஸ் முழுக்கப் பொறுமையில்லாமல் கத்தியது. மரியஜான் முன்னால் பார்த்தபடி இருந்தான், திரும்பவில்லை.

புதுக் கண்டக்டர் கட்டையை உருவினான். கமருதீன் நிமிர்ந்து நின்று, “ரைட்” என்றான். குரல் பாதிதான் வந்தது. பஸ் கிளம்பியது.